எட்டடிப் பலகையில் பதினான்கடிப் படகு

மனைவி இறந்தபின் நானும் அவள் தம்பியும் பேசிக்கொண்டதில்லை. அவளை ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக அழைத்துப் போனேன் என்று துக்க வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னான். நான் திருவொற்றியூரில் அலமாரி, கட்டில் செய்கிற தச்சன். அவன் எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் பிடிப்பவன். போன வருஷம் ஒரு காலையில் பட்டறை வாசலில் வந்து நின்றான்.

"மாமா, என் போட்டு உளுத்துப்போச்சு. சின்னதா ஒண்ணு செஞ்சு குடுக்கிறியா?"

படகு செய்து பழக்கமில்லை என்றேன்.

"தெரியும். ரெண்டு பேரும் சேந்து செய்லாம்."

படகு பதினான்கு அடி. பிளைவுட்டோ எட்டடிதான். இரண்டு பலகைகளை நீளவாக்கில் ஒட்டியாக வேண்டும். இரண்டின் ஓரத்தையும் இரண்டு அங்குலத்துக்குச் சாய்வாக இழைத்தேன். ஒரு சாய்வு இன்னொன்றின் மேல் படிந்தால் மேடு தெரியாது. எபாக்சி பசை தடவி, அலமாரிக்குச் செய்வதுபோலவே கிளாம்ப் போட்டு முழுப் பலத்தோடு இறுக்கினேன். இரண்டு நாள் கழித்து முன்பக்கத்துக்காக வளைத்தபோது, படக்கென்று ஒட்டு விட்டுவிட்டது.

பிரிந்த இடத்தைத் தடவினேன். பசையே இல்லை. பாதியை மரம் குடித்திருந்தது. மீதியை நான் பிதுக்கி வெளியேற்றியிருந்தேன்.

"ரொம்ப இறுக்கிட்டேன் மச்சான். என் தப்புதான்."

அவன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கி நானும் அப்டி பேசிருக்கக் கூடாது மாமா. வலிக்கிதுன்னு அக்கா உன்னாண்ட சொல்லவே இல்ல. எனக்கு அப்பவே தெரியும்."

டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய், கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பியபோது அவன் காய்ந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

ஓரங்களை மறுபடி இழைத்தேன். இந்த முறை முதலில் நீர்த்த பசையைப் பூசி, மரம் வேண்டிய மட்டும் குடிக்க விட்டோம். பிறகு மரத்தூள் கலந்த கெட்டிப் பசை. கிளாம்ப் இல்லை, மேலே பிளாஸ்டிக் தாளும் இரண்டு மணல் மூட்டையும்தான். மூன்று நாள் கழித்து ஆளுக்கொரு முனையைப் பிடித்து மெல்ல வளைத்தோம். சத்தமே இல்லை.

"தாங்குது மாமா! இன்னும் வளை!"

தை மாதம் படகைத் தண்ணீரில் இறக்கினோம். ஒட்டிய இடத்தில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. அன்று கிடைத்த இறாலை அவன் மனைவி குழம்பு வைத்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.