ரஹீம் பாய் கைக்குப் போன மூணு சாவி

பூட்டு டிசைன் பண்றவனுக்கு நல்ல பேரே கிடைக்காது. பூட்டு ஒழுங்கா இருந்தா நம்ம ஞாபகம் யாருக்கும் வராது, மக்கர் பண்ணா குடும்பமே உக்காந்து திட்டும். சாவியைத் தொலைச்சுட்டு சொந்த வீட்டு வாசல்ல செருப்புக்குப் பக்கத்துல உக்காந்திருந்த சக தியாகிகளே, இது உங்களுக்குத்தான்.

எங்க ஆபீஸ் அடையாறுல. யாரும் திருட்டுத்தனமா இன்னொரு சாவி போட முடியாத மாதிரி பூட்டு பண்றதுதான் வேலை. முதலாளி கறாரா சொல்லிட்டாரு, மூணு டிசைன் பாப்பாராம். மூணையும் எவனாவது காப்பி அடிச்சுட்டா, எங்க செக்‌ஷனை மூடிட்டு வெளியில பூட்டு வாங்கி கம்பெனி பேரை ஒட்டி வித்துக்குவாராம். செக்‌ஷன்னா அஞ்சு பேரு, எங்க தலைவி ஹேமா மேடம். சோதனைக்கு யாருகிட்ட போறதுன்னு விசாரிச்சா எல்லாரும் ஒரே ஆளைத்தான் கை காட்டினாங்க: ராயப்பேட்டை மார்க்கெட் ஓரமா சாவிக் கடை வச்சிருக்கற ரஹீம் பாய்.

கோணல் சாவி

சாவியில நீளவாக்குல பள்ளமா ஒரு காடி ஓடுது பாருங்க, அதைக் கன்னாபின்னான்னு வளைச்சோம். பல்லு வெட்டாத மொட்டை சாவி இந்த வளைவுல எந்தக் கடையிலயும் கிடைக்காது. மொட்டை சாவியே இல்லன்னா காப்பி எங்கேர்ந்து?

எனக்குக் கொஞ்சம் மிமிக்ரி வரும். கம்பெனி ஆளுன்னு தெரிஞ்சா பாய் உஷாராயிடுவாருன்னு, சைதாப்பேட்டையில லோடு இறக்கற ஆளு குரல்ல ஆரம்பிச்சேன். "பாய், இத்த மாறி ஒண்ணு போட்டுக் குடு. வூட்ல மூணு பேரு கீறோம், சாவி ஒண்ணுதான் கீது." "சொந்த வூட்டு சாவிதானே?"ன்னு மட்டும் கேட்டாரு. மெஷின் பக்கமே போகல. தடியா ஒரு பித்தளைத் துண்டை எடுத்து அரத்தால ராவ ஆரம்பிச்சாரு. அளவுகோல் கிடையாது. அப்பப்ப ரெண்டு சாவியையும் கட்டைவிரலால தடவிப் பாத்துக்கிட்டாரு, அவ்வளவுதான். நான் ஒரு டீயை ஆற வச்சுக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சுது.

ஆபீஸ்ல போட்டா, அசலை விட சுளுவா திரும்புது. ஆனா எனக்குத் தூக்கம் போனது, சாவியைக் கையில குடுக்கும்போது அவரு சொன்னதுலதான்: "யாரோ பாவம், ரொம்ப நாள் உக்காந்து இத கோணையா இழுத்துக்கீறான் நைனா. நல்லா இருக்கட்டும்."

சாய்ஞ்ச பல்லு

ரெண்டாவதுல பல்லையே பக்கவாட்டுல சாய்ச்சு வெட்டினோம். சாவி மெஷின் நேராத்தான் வெட்டும், சாய்ச்சு வெட்டத் தெரியாது. இந்தத் தடவை விபூதியைப் பூசிக்கிட்டு மயிலாப்பூர் மாமாவா போனேன். "ஆத்துல எல்லாரும் கல்யாணத்துக்குக் கெளம்பிண்டிருக்கா பாய். ஒரு சாவியை வச்சுண்டு திண்டாடறேன்."

பாய் சாவியை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. பாக்கெட்லேர்ந்து தீப்பெட்டியை எடுத்தாரு. பீடி பிடிக்கப் போறாருன்னு நெனச்சேன். ரெண்டு தீக்குச்சியை உடைச்சு சாவிக்கு அடியில முட்டுக் குடுத்து, சாவியையே சாய்ச்சு மெஷின்ல மாட்டிட்டாரு. மெஷின் எப்பவும் போல நேராத்தான் வெட்டிச்சு. நாங்க ஏழு மாசம் போட்ட கணக்கு, ரெண்டு தீக்குச்சியில முடிஞ்சுது. அடுத்த டயலாக்கே வரல.

அவருக்கு வந்துது. "முன்ன சைதாப்பேட்டைக்காரர் ஒருத்தரு ஒரு சாவி எடுத்தாந்தாரு. அதுலயும் சட்டை ஜேபி கிழியாம இருக்க நுனிய இதே மாறி உருட்டி வுட்டிருந்துச்சு. குரல மாத்திக்கலாம் சார், கைய எப்டி மாத்துவீங்க?"

கடுகு

மூணாவதுதான் கடைசி. ஆபீஸ்ல யாரும் யாரையும் நிமிர்ந்து பாக்கல. ஒருத்தன் இன்டர்வியூவுக்கே போயிட்டு வந்துட்டான். இந்த சாவி நடுவுல கடுகளவு ஒரு உலோக குண்டை, உள்ள லேசா ஆடற மாதிரி வச்சோம். வெளியில பாத்தா வெறும் புள்ளி. பூட்டுக்குள்ள போனாதான் அது எம்பி உள்ள ஒரு பின்னைத் தள்ளும். தள்ளலன்னா திரும்பாது.

சொந்தக் குரல்ல போயி, மூணு டிசைன் கதையையும் முதலாளி சொன்னதையும் ஒளிக்காம சொல்லிட்டேன். "உங்க பொழப்புக்காக வுட்டுக் குடுக்க மாட்டேன் சார், பரவால்லியா?"ன்னாரு. அதுக்குத்தான் வந்தேன்னேன். சுத்தி ஆட்டோ ஹாரன், மீன் வண்டிக்காரன் கூச்சல். பாய் சாவியைக் காதுகிட்ட வச்சு மெதுவா ஒரு ஆட்டு ஆட்டினாரு. கண்ணை மூடினாரு. இன்னொரு ஆட்டு.

"உள்ள ஒருத்தன் குடியிருக்கான் சார். மூணு நாள் குடுங்க."

நூலளவு

மூணு நாள் கழிச்சு பாய் குடுத்த சாவியை முதலாளி முன்னாடி நான்தான் போட்டேன். நுழைஞ்சுது. திருப்பினேன். ஒரு நூலளவு அசைஞ்சு நின்னுடுச்சு. திரும்பவும் முயற்சி பண்ணேன். முதலாளியே வாங்கித் திருகினாரு. திரும்பல. அவரு எங்க அஞ்சு பேருக்கும் கை குடுத்துட்டுப் போனாரு.

அவரு போனதும் பூட்டைப் பிரிச்சுப் பாத்தோம். பாய் எங்கேர்ந்தோ குட்டியா ஒரு குண்டைப் பிடிச்சு, துளை போட்டு, உள்ள குடிவச்சிருந்தாரு. பின்னை அது தள்ளியும் இருக்கு. ஒரு தலைமுடி கனம்தான் குறைச்சல். உள்ள இருக்கறதைக் கண்ணால பாக்காம, வெறும் சத்தத்தை வச்சு. லென்ஸைக் கீழ வச்சுட்டு ஹேமா மேடம் சொன்னாங்க: "இத முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க. கை குடுத்தத திருப்பிக் கேப்பாரு."

ரெண்டு பூட்டு

பாய்கிட்ட சொல்லாம இருக்க முடியுமா? போயி எல்லாத்தையும் சொன்னேன், அந்தத் தலைமுடியையும் சேத்து. வருத்தப்படுவாருன்னு பாத்தா, ரெண்டு டீ சொன்னாரு. அவரு போட்ட சாவியை வாங்கி ஒரு தடவை ஆட்டிக் கேட்டுட்டு ஆணியில மாட்டினாரு. அப்புறம் தன் கடை ஷட்டர்ல தொங்கற பழைய பூட்டைக் காட்டி, "இத நானே ஹேர்பின்ல தொறப்பேன் சார்"னாரு. டீ வந்துது. பாதி குடிச்சுட்டுச் சொன்னாரு:

"உங்க பூட்டு வந்தா எனக்கு ரெண்டு எடுத்து வைங்க. ஒண்ணு மாட்டறதுக்கு, ஒண்ணு பிரிக்கறதுக்கு."

எதிராளியைத் தேடி பஸ் ஏறிப் போயி, தோத்தா அவரை வாயைப் பொளந்து பாத்து, ஜெயிச்சா அதை விடப் பெருசா பொளந்துக்கிட்டு வீடு திரும்பற பொழப்பு இது ஒண்ணாத்தான் இருக்கும்.