கைகோத்த காசு

ஒரு வெள்ளிக்காசு குறைந்தது. பழங்காசுக் காப்பாளர் வேலையில் அதற்கு மேல் கெட்ட செய்தி கிடையாது. பதிவேட்டோடு மாரடித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில், அன்னூர்ப் பக்கம் குப்புசாமி என்ற விவசாயி வீடு கட்டக் கடைக்கால் தோண்டினார். சட்டியில் ரோமானியக் காசுகள். கிராம அதிகாரி அன்றே எண்ணி எழுதியது முப்பத்தொன்று. காசை எடுத்துவர எங்கள் ஜீப் மறுநாள் மதியம்தான் போனது. கோவை அருங்காட்சியகத்தில் என் மேசைக்கு வந்தது முப்பது. பட்டியலில் 'இரண்டு கை கோத்தது, 1' என்ற வரிக்குக் காசு இல்லை. தாசில்தார் இரண்டு நாள் கெடு வைத்தார். பிறகு போலீஸ்.

தராசு

குப்புசாமியை வரவழைத்து ஒரு காசைக் காட்டினேன். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் தராசு பிடித்த பெண். "இவள்தான் நேர்மை. நேர்மை, அமைதி எல்லாவற்றையும் பெண்ணாக்கிக் காசில் அடித்தான் ரோமாபுரிக்காரன். இவளைப் பார்த்துச் சொல்லும், எடுத்தீரா?"

குனிந்து பார்த்தார். கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை.

"அந்த அம்மணி கையில தராசு இருக்குதல்லங்க, என்னைய நிறுத்துப் பாக்கச் சொல்லுங்க."

புளி

மறுநாள் அவர் வீட்டுக்கே போனேன். காசெல்லாம் பளபளத்ததற்கும் காரணம் கேட்க வேண்டியிருந்தது. அவர் மனைவி புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். இரண்டாயிரம் வருடக் கறுப்பு அரை மணியில் போச்சு. கத்தினேன். கைகோத்த காசு எங்கே என்றதும் அந்த அம்மாள் பக்கத்தில் நின்ற மகன் முகத்தைப் பார்த்தார், முந்தானையைத் திருகினார். புளிக்கு மட்டும் பதில் வந்தது.

"அழுக்கோட சர்க்காருக்குக் குடுத்தா எங்களுக்கு மருவாதிங்களா?"

மஞ்சள் துணி

கெடு நாள். போலீசுக்குக் கடிதம் தயார், பேனாவைத் திறந்தேன். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு பெண் மஞ்சள் துணி முடிச்சொன்றை மேசைமேல் வைத்தாள். உள்ளே அந்தக் காசு. கோத்த கை என்றால் ரோமாபுரியில் ஒற்றுமை.

குப்புசாமியின் மருமகள். புருஷனோடு சண்டை, ஆறு மாதமாகத் தாய்வீடு. மாமியார் அந்தக் கைகளைக் கல்யாணத்தில் பிடித்த கை என்று நினைத்து, மஞ்சள் துணியில் முடிந்து, ஜீப் வருமுன் முதல் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்து, 'வந்துரு கண்ணு' என்று அழுதிருக்கிறார். இவள் அசையவில்லை. நேற்றுப் புருஷன் போன் செய்து, அப்பாவைப் போலீஸ் கூட்டிப்போகும் என்றானாம்.

கடிதத்தைக் கிழித்தேன். அவள் எழுந்துவிட்டாள்.

"காசு உங்களுதுங்க. நான் அன்னூருக்கே, எங்க ஊட்டுக்குப் போறேனுங்க."

ராஜாக்கள் ஒற்றுமையைக் காசில் அடித்ததோடு சரி. முப்பத்தொன்றாவதைக் கொண்டுவந்து வைத்து, என் பதிவேட்டையும் அந்த வீட்டையும் ஒரே பஸ் டிக்கெட்டில் நேராக்கியவள் மருமகள் பூங்கொடி.