பறிக்கக் கூடாத இடம்

நுவரெலியா டவுனைத் தாண்டியதும் ஆற்றங்கரையில் ஒரு சின்ன வனப் பூங்கா இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அம்மாவைப் போன மாதம் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். எதையும் பறிக்கக் கூடாது என்று வாசல் பலகையில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன்.

"காட்டுல போயி எதப் பறிக்கப் போறோம்?" என்றார்.

ஆனால் அது முன்பு தோட்டமாக இருந்த காணி. கைவிடப்பட்ட தேயிலைச் செடிகள் பாதையோரம் தோளுயரம் வளர்ந்திருந்தன. அம்மா முன்னால் நடந்தார். ஆற்றில் நின்ற கொக்கைப் பார்த்தபடியே இரண்டு கையாலும் கொழுந்தைக் கிள்ளி, தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டார். முதுகில் கூடை இல்லை. கொழுந்து என் காலில், சப்பாத்தின் மேல் விழுந்தது.

"இப்பதானேம்மா சொன்னேன், பறிக்காதீங்கன்னு" என்று எரிந்து விழுந்தேன்.

"நான் எங்க பறிச்சேன்?" என்றார், கொக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மா பொய் சொல்லவில்லை. கைகள் செய்தது அவருக்கே தெரியவில்லை.

அவர் முதுகை ஒட்டியே நடந்தேன். அடுத்த கொழுந்து தோளைத் தாண்டி வந்தபோது இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.