அப்பாவின் வேகம்

அப்பா ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரையிடமிருந்து ஒரு பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டரை, பாட்டு டேப்புகளோடு சேர்த்து வாங்கிவந்தார். துரையின் பாட்டுகள் எல்லாமே அதில் இழுத்து இழுத்துத்தான் வரும். "வெள்ளைக்காரன் பாட்டு இப்படித்தான் லா, அவனுக்கு என்ன அவசரம்?" என்பார். நாங்களும் நம்பினோம்.

அதே மெஷினில் ஒருநாள் தம் பேச்சைப் பதிந்தார். அவர் குரலென்று எங்களுக்கு மிஞ்சியது அந்த ஒரு டேப்தான்.

எண்பதுகளின் நடுவில் அப்பா இறந்தபோது நாங்கள் தோட்டத்தைவிட்டு ராசா டவுனுக்குக் குடிவந்திருந்தோம். மெஷின் ஓடாமல் பல வருடமாகக் கட்டிலடியில் கிடந்தது. நான் ரவாங் தொழிற்சாலை ஒன்றில் மெக்கானிக். முதல் திதி நெருங்கியபோது அம்மா, "அந்தப் பெட்டிய ஓட வெச்சுக் குடுப்பா. அவரு பேச்ச ஒரு தடவ கேட்டாப் போதும்" என்றார். அம்மா எதையும் கேட்டு வாங்குகிறவர் இல்லை.

மேல்தகட்டைக் கழற்றினேன். கிரீஸ் பிசினாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டி, மோட்டாருக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். மோட்டாரின் சுழற்சியைப் பெரிய இரும்புச் சக்கரத்துக்குக் கடத்தும் சின்ன ரப்பர் சக்கரம் கல்லாகி வழுக்கியது. சுற்றிலும் ரப்பர் மரம். அந்தத் துண்டு ரப்பருக்கு நான் கோலாலம்பூருக்கு பஸ் ஏறினேன். புதியதை மாட்டி, பழையதைக் குப்பையோடு கொளுத்தினேன். டேப்பில் கோடு போட்டு, கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மெஷினில் எழுதியிருந்தபடி நொடிக்கு ஏழரை அங்குலம், மயிரிழை பிசகவில்லை. துரையின் பாட்டைப் போட்டால் துள்ளிக்கொண்டு வந்தது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

திதியன்று படையலுக்குப் பிறகு அப்பாவின் டேப்பைப் போட்டேன். கீச்சுக் குரலில் யாரோ படபடவென்று பேசினார்.

அம்மா மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாருப்பா இது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெஷின் அந்தக் காலத்திலேயே மெதுவாகத்தான் ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததை மெதுவாகவே கேட்டதால் அப்பா அப்பாவாக இருந்தார். நான் வேகத்தைச் சரிசெய்து அவரைத் தொலைத்துவிட்டேன். துரையின் பாட்டு துள்ளியபோதே தெரிந்திருக்க வேண்டும். பெரிய மெக்கானிக் என்ற திமிர் கண்ணை மறைத்துவிட்டது. அதற்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பழைய சக்கரம் சாம்பலாகிவிட்டது. வேறு வழி தெரியாமல் மேல்தகட்டை மறுபடி கழற்றி, சுழலும் இரும்புச் சக்கரத்தின் விளிம்பில் விரலை அழுத்தினேன். கீச்சுக் குரல் தடித்தது, இறங்கியது. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னுங் கொஞ்சம்" என்றார். அழுத்தினேன். "ஆங், இதான்."

அப்பா மழையைப் பற்றிப் பேசினார். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டும் ஆள் வராததைப் பற்றிப் பேசினார். என் விரல் சுட்டது. பிறகு அம்மாவைக் கூப்பிட்டார். "இந்தா, இங்க வா. நீயும் ஒரு வார்த்த பேசு."

பதிந்த அன்று அம்மா வெட்கப்பட்டு அடுப்படியைவிட்டு வரவேயில்லை. டேப்பில் அந்த இடம் வெறுமையாக ஓடும், பிறகு அப்பா சிரிப்பார்.

அந்த வெறுமையில் அம்மா, "வந்துட்டேன்" என்றார்.

என் விரல் நழுவியது. சிரித்தது வேறு யாரோ.