வழுக்காத பிடி

கத்தி செய்யச் சொல்லி யார் வந்தாலும், "முதல்ல கையை நீட்டுங்க" என்பார் கத்திக்காரர். உள்ளங்கையை அளப்பார், விரல்களை மடக்கிப் பார்ப்பார், பிறகு கேள்விமேல் கேள்வி. "மழையில நிப்பீங்களா? கையுறை போடுவீங்களா? அவசரத்துக்கு எந்தக் கை முன்னால போகும்?" கத்தி வாங்க வந்தோமா, வாக்குமூலம் கொடுக்க வந்தோமா என்று வந்தவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

காட்டுக் காவலர்களும் படகுக்காரர்களும்தான் அவரைத் தேடி வருகிறார்கள். அவர் செய்யும் கத்திக்கு அழகு கிடையாது. உள்ளங்கை நீளத்துக்கு மங்கலான அலகு, உப்புத்தாள் மாதிரி சொரசொரத்த கைப்பிடி, அதன் முனையில் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. "கொஞ்சம் பளபளன்னு பண்ணக்கூடாதாண்ணே?" என்று கேட்டால், "பளபளப்பு வேணும்னா கண்ணாடிக் கடைக்குப் போங்க" என்று வெட்டிவிடுவார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று பக்கத்துப் பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

பளபளப்பாக அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். வெள்ள மீட்புப் படையில் வேலை கிடைத்த மகனுக்காகச் செய்தது. ஊருக்கெல்லாம் அரம் போட்டுச் சொரசொரப்பாக்கிக் கொடுத்தவருக்கு, பெற்ற பிள்ளை என்றதும் மனசு கேட்கவில்லை. கைப்பிடியை எண்ணெய் விட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்டார். கயிற்றையும் மாட்டவில்லை, அழகைக் கெடுக்கும் என்று. வெள்ளத்தில் மகனின் காலை ஒரு வடம் சுற்றிக்கொண்டது. அறுக்கக் கத்தியை உருவினான். சேற்றுக் கையிலிருந்து அது நழுவிப் போனதைக் கூட இருந்தவர்கள் பார்த்தார்கள். கத்தியோடு அவனும் போனான்.

மருமகள் இதுவரை அதைப் பற்றி அவரை ஒன்றும் கேட்கவில்லை. "ஒரு வார்த்தை திட்டியிருந்தா தேவலைப்பா" என்று பட்டறைக்காரரிடம் ஒருநாள் சொன்னார்.

மகன் பார்த்த வேலையை இப்போது அவளுக்கே கொடுத்திருக்கிறார்கள். அவள் கத்தி கேட்டாள். இரும்பு வரவில்லை, கரி ஈரமாகக் கிடக்கிறது, தோள் வலிக்கிறது என்று ஏதேதோ சாக்குச் சொல்லி நாளைக் கடத்தினார். "நாளைக்கு டூட்டி மாமா. கடையில ஒண்ணு வாங்கிக்கிறேன், விடுங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் உலையை மூட்டினார்.

கத்திக்கு இன்னும் கூர் ஏற்றவில்லை. கைப்பிடியை அரத்தால் ராவி, கீறி, திரும்பவும் ராவியிருக்கிறார். வாளியில் சோப்புத் தண்ணீர் கலந்து வைத்து அவளைக் கூப்பிட்டார்.

"கையை முக்கும்மா. இப்பப் பிடி."

அவள் கைப்பிடியைப் பிடித்தாள். அவர் அலகில் சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டு தன் பக்கம் இழுத்தார். வரவில்லை. வெடுக்கென்று இழுத்தார். அப்போதும் வரவில்லை.

"நழுவலை மாமா. போதும்."

"தண்ணி இதைவிட இழுக்கும்மா."

"கை எரியுது மாமா, விடுங்க."

அவர் இரண்டு கைகளாலும் அலகைப் பற்றிக்கொண்டு, தரையில் காலை அழுத்தி ஊன்றி, இன்னும் இழுத்துக்கொண்டே இருந்தார்.