மழை விட்டது என்று ஒரு மின்னஞ்சல்

மகள் எழுதிய மின்னஞ்சலின் சப்ஜெக்ட் வரியில் ஆச்சரியக்குறிகள் மட்டும் ஐந்து. 'இலவசம்' இரண்டு முறை, 'இன்றே கடைசி' ஒரு முறை. போடியில் எங்கள் வீட்டு முன்னறையில் அறுபது கிலோ ஏலக்காய் விற்காமல் கிடந்தது. நானூற்றுப் பன்னிரண்டு வாடிக்கையாளர்களுக்கு மூன்று தடவை மெயில் போட்டும் வந்த பதில் இரண்டுதான். சோதனைக்கென்று அவள் வைத்திருந்த நான்கு முகவரிகளில் மூன்றில் அது ஸ்பேம் பெட்டிக்குள் கிடந்தது.

"மூணு மணிக்கு புரோக்கர் அண்ணன் ஜீப்போட வர்றாரு, அத்தா. மொத்தத்தையும் ஏத்திவிட்டுட்டு இந்த ஆன்லைன் சோலியையே விட்டுர்றேன்" என்றாள்.

மணி அப்போது பதினொன்றே கால். எனக்குப் படபடத்தது. நாடி பிடித்துப் பார்த்தேன், தொண்ணூற்றாறு.

ஏலக்காய் மண்டியில் முப்பத்தொரு வருடம் போன் எடுத்தவன் நான். எந்த ஊர் வியாபாரி கூப்பிட்டாலும் முதலில் கேட்பது, "அங்க மழை எப்படி?" விலை அதற்குப் பிறகுதான். நாங்களும் மழையைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவோம். 'இலவசம்' என்று கத்தியிருந்தால் போனை வைத்திருப்பார்கள்.

"மழையப் பத்தி எழுதும்மா."

"வானிலை அறிக்கையா? நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாள். ஆனாலும் தட்டினாள்: 'குரங்கணியில் மழை விட்டது, காய் வந்துவிட்டது.' ஐந்து சொல், ஒரு கமா.

பொய்யாகிவிடக் கூடாதே என்று, எங்களுக்குக் காய் வரும் குரங்கணித் தோட்டத்துக் கங்காணிக்கு போன் போட்டேன். தூறல்கூட இல்லையா என்று இரண்டு தடவை கேட்டேன்.

"வெயிலு மண்டையப் பொளக்குது. நம்பாட்டி ஜீப்பேறி வந்து பாருங்கண்ணே" என்றார்.

முதலில் சோதனை முகவரிகளுக்கு அனுப்பினாள். ஒன்று, இரண்டு, நான்கு. மூன்றாவதைக் காணோம். நாற்பது வினாடி எண்ணியிருப்பேன், அதுவும் நேராக இன்பாக்ஸில் வந்து உட்கார்ந்தது. உடனே எல்லாருக்கும் போட்டாள்.

நான்காவது நிமிடம் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா: 'இங்கேயும் விட்டுவிட்டது. அரைக் கிலோ அனுப்புங்கள்.' அதன் பிறகு நான் நாற்காலியில் உட்காரவில்லை. ஒன்றரைக்குள் பத்தொன்பது பதில். அதில் ஏழு பேர் மழையை மட்டுமே விசாரித்திருந்தார்கள். அவர்களுக்கும் பதில் போடச் சொன்னேன். இரண்டு நாற்பதுக்கு முப்பத்தேழு கிலோ பேசி முடிந்திருந்தது.

மகள் போனை எடுத்தாள். "அண்ணே, நீங்க வர வேண்டாம். லோடு இல்ல."

அவர் என்ன சொன்னாரோ, இவள் சிரித்தாள். நான் அதற்குள் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டேன்.

"பார்சல் கவர் முப்பதுதாம்மா இருக்கு. கடைக்கு வெரசா ஆள் அனுப்பு."