பெண்களைத் தொடாத சிப்பாய்

முதலில் ஒரு மன்னிப்பு. போன மாதம் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர் போர்க்களத்துக்குப் போய் வந்து எழுதிய பதிவில், சும்மா சுவைக்காக இரண்டு வரி சேர்த்திருந்தேன். 1780-இல் மைசூர்ப் படையிடம் தோற்ற கிழக்கிந்தியக் கும்பினிச் சிப்பாய்கள் சிலர் சென்னையைப் பார்த்து ஓடிவந்து, திருமழிசையை அடுத்து ஓர் ஏரியில் மூழ்கிச் செத்தார்களாம். இன்றைக்கும் ஆண்கள் இறங்கினால் காலைப் பிடித்து இழுப்பார்களாம், பெண்களை மட்டும் தொடமாட்டார்களாம். எல்லாம் அலுவலகத்தில் காதில் விழுந்தது. "ஆதாரம் உண்டா, இல்லை கதை விடுகிறீர்களா?" என்று ஒரு வாசகர் கேட்டுவிட்டார். சுருக்கென்றது. சரி, நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் கிளம்பினேன்.

கிளம்பும் முன்பே கதையில் பாதி உதிர்ந்துவிட்டது. புள்ளலூரில் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் கைதாகி மைசூர்ப் பக்கம் கொண்டுபோகப்பட்டார்கள். காஞ்சிபுரத்தில் நின்ற இன்னொரு கும்பினிப் படை செங்கல்பட்டு வழியாகப் பின்வாங்கியது. திருமழிசைப் பக்கம் யாரும் தலைதெறிக்க ஓடிவந்ததாக நான் படித்த எதிலும் இல்லை. புள்ளலூரில் இருக்கும் இரண்டு நினைவுத் தூண்களும்கூட அடுத்த வருடச் சண்டையில் செத்த அதிகாரிகளுக்கு வைத்தவை. அதைப் பார்த்து 1780 என்று படம் போட்டவர்களில் அடியேனும் ஒருவன்.

சென்னீர்குப்பத்தில் 9.40-க்குப் பேருந்து. திருமழிசைக்கு ஏழு கிலோமீட்டர் இருக்கும், சீட்டு பத்து ரூபாய். அங்கிருந்து ஏரிக்கு மூன்றரை கிலோமீட்டர், ஆட்டோதான். முதலில் கேட்ட இரண்டு பேரும் வரமாட்டேன் என்றார்கள். மூன்றாமவர் ஏழுமலை. காத்திருப்பதோடு சேர்த்து இருநூறுக்கு ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை.

"கரை வரிக்கும் தான் சார். தண்ணில நானும் எறங்க மாட்டேன், உன்னியும் எறங்க உட மாட்டேன். ரெண்டு பேர் பூட்டாங்க. ரெண்டும் ஆம்பள."

"பொம்பளைங்க யாரும்...?"

"அவுங்கள அந்த சிப்பாய் ஒண்ணியும் பண்ண மாட்டான் சார். தெனம் அங்கதான் துணி தொவைக்கிறாங்க."

சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேயென்றால் பயம். பட்டப்பகல் பதினொன்றரை, கரையில் ஆளரவமே இல்லை, கருவேலங்காட்டுக்குள் காற்றுகூட வரவில்லை. கோடையில் தண்ணீர் நன்றாக உள்வாங்கியிருந்தது. வெளியே தெரிந்த சரிவில் வரிவரியாகக் கீறல்கள். ஜேசிபி பல் பதிந்த தடம்!

"இங்க மண்ணு எடுத்தாங்களாண்ணா?"

"அது ஆச்சு ரெண்டு வருசம். லாரி லாரியா எடுத்துகினு பூட்டாங்க."

"அந்த ரெண்டு பேர் செத்தது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ஏழுமலை யோசித்தார். "பின்னாடிதான்."

ஆட்டோவில் இருந்த நைலான் கயிற்றில் கல்லைக் கட்டி வீசினேன். கரையோரம் முழங்கால் அளவுதான். பத்தடி தள்ளி வீசியதும் கயிறு சரசரவென்று கையை விட்டு ஓடியது. பன்னிரண்டு முழம் போயும் தரை தட்டவில்லை. ஆண்கள் நீந்துவதற்காக உள்ளே போனார்கள், பள்ளத்தில் விழுந்தார்கள். பெண்கள் கரையோரமாக நின்று துவைத்தார்கள், பிழைத்தார்கள். இவ்வளவுதான் விஷயம் என்று எனக்கு ஒரே பெருமை. ஏழுமலையின் முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று.

"தண்ணி உள்ள பூட்ச்சே சார். இப்போ அவுங்களும் உள்ள போய்த்தானே தொவைப்பாங்க? எம் பொஞ்சாதி போர்வை எடுத்துகினு வந்தாளே!"

ஓடினோம். கருவேலம் புதரைத் தாண்டியதும் தெரிந்தது. அவர் மனைவி கோமளா முழங்கால் தண்ணீரில் நின்று போர்வையை அலசி, இழுத்து இழுத்து, ஒவ்வோர் அடியாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். அறிமுகம் இல்லாத ஆம்பளை. தூக்கிச் சொருகியிருந்த புடவையை இறக்கிவிட்டபடி வெட்கத்தில் இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தார். பள்ளத்துக்கு இனி இரண்டடி இருந்தால் அதிகம்.

"கோமளா! அப்டியே முன்னால வாமே! பின்னால பள்ளம் கீது!"

"இன்னாயா கத்தற? பொம்பளய ஒண்ணியும் பண்ண மாட்டான். போர்வ போவுது, இரு." மிதந்துபோன முனையைப் பிடிக்கத் திரும்பினார்.

நான் எழுதிய வரி. அச்சு அசல் அதே வரி. நான் கரையிலேயே நின்றேன். ஏழுமலைதான் மறுபடி கத்தினார்.

"ஐயோ, சிப்பாய் வரான்டி! ஒன் முதுகாண்ட கீறான், ஓடியா!"

போர்வையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கோமளா அலறிக்கொண்டு கரைக்கு ஓடிவந்தார். ஏழுமலை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். போர்வை கொஞ்ச தூரம் மிதந்து உள்ளே போயிற்று.

நீங்களும் போவதாக இருந்தால், காலையிலேயே போய்விடுங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கடை கிடையாது. கரையோடு நில்லுங்கள். போர்க்களம் பார்க்கத்தான் ஆசை என்றால் புள்ளலூருக்கே போங்கள். இந்த ஏரியில் எந்தச் சிப்பாயும் சாகவில்லை. இங்கே இருப்பது மண் எடுத்த பள்ளம், முதல் பத்தடி தாண்டியதும் செங்குத்தாக இறங்குகிறது. இது நான் அளந்து பார்த்தது.

திரும்பும் வழியில் இதையே ஊரில் சொல்லச் சொன்னேன். ஏழுமலை கேட்கவில்லை. "பள்ளம்னா எவன் சார் பயப்புடுவான்? இந்த ஊர்ல எத்தினி பள்ளம் கீது." தெருமுனைத் தேநீர்க் கடையில் ஆட்டோவை நிறுத்தி, சிப்பாய் இப்போது பெண்களையும் பிடிக்க ஆரம்பித்துவிட்டான் என்றார். சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை, தொப்பி எல்லாம் மாட்டிவிட்டுச் சொன்னார். கூடவே ஆட்டோவில் வந்திருந்த கோமளா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

இடுப்பில் துணி வாளியோடு ஏரிப் பக்கம் கிளம்பியிருந்த ஒரு பெண் என்னிடம் வந்தார். "சார், நீ படிச்சவரு. நெசமாவா? நீ பாத்தியா?"

"பார்த்தேன்மா," என்றேன். "சிவப்புச் சட்டைதான்."

அவர் வாளியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.